என்டர் பட்டனில் சந்தனம்

மென்பொருள் எழுதுகிறவன் என்று சொன்னால் எங்கள் குன்னம் பக்கத்தில் அடுத்து வரும் கேள்வி, "சென்னையா, பெங்களூரா?" என்பதுதான். இரண்டும் இல்லை, வீட்டில் உட்கார்ந்தே பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் எழுதிக் கொடுக்கிறேன் என்றால், பாவம், வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் அதைப் பழகிக்கொண்டேன். கடைகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் அவர்களுடைய மேசைமேல் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி புரோகிராம் செய்து தருவது என் பிழைப்பு. திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் பத்துக் கட்டங்கள், கீழே இரண்டு பட்டன். அவ்வளவுதான் என் கலை.

இந்தத் தொழிலில் எழுதுவது கால் பங்கு. "தம்பி, ஓட மாட்டேங்குது" என்று வரும் போனுக்குப் பதில் சொல்வது முக்கால் பங்கு. அரியலூரில் ஒரு எடை மேடைக்காரர், 'சேமி' பட்டனைக் காணோம் என்று மூன்று நாள் என்னைத் திட்டித் தீர்த்தார். போய்ப் பார்த்தால், கண் மங்குகிறது என்று மனிதர் எழுத்தையெல்லாம் பெரிதாக்கி வைத்திருந்தார். பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. இன்னொரு ஆபீசில் ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை பதிவானது. அது என் கோளாறு. ஒரே வேலையை அந்தப் பட்டனுக்கு இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருந்தேன். வேறொரு கடையில் தேடச் சொன்னதும் ஜன்னல் அப்படியே உறைந்து போகும். கடையில் நிற்கிறவரே குடோனுக்கும் போய் மூட்டையைத் தேடினால், வாசலில் காத்திருப்பவருக்கு யார் பதில் சொல்வது? தேடுவதற்குத் தனியாக ஓர் ஆளைப் போட்டேன், அதாவது தனி இழையில் ஓட விட்டேன், சரியாயிற்று.

இப்படி நிறையப் பார்த்துவிட்டதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. யாராவது போன் செய்தால் பாதியிலேயே வெட்டி, "மூடிட்டுத் தெறங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு முறை சரியாகியும் விடும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அக்கா ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். ரத்தம் எடுப்பது, சோதிப்பது, ரிப்போர்ட் கொடுப்பது எல்லாம் அவர் ஒருவரே. அவருக்கும் நான்தான் புரோகிராம் செய்து கொடுத்தேன். பெயர், ஊர், முகவரி, ஹீமோகுளோபின், சர்க்கரை என்று வரிசையாகக் கட்டங்கள்; கடைசியில் ரத்த வகை. ஒரு கட்டத்தில் போட்டு என்டரைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். எல்லாம் முடிந்ததும், "உறுதி செய்யலாமா?" என்று ஒரு சின்ன ஜன்னல் கேட்கும். ஆமாம் என்றால் ரிப்போர்ட் அச்சாகிவிடும். மவுஸைத் தொடாமலே வேலை முடிகிறது என்று அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். புரோகிராம் அதுபாட்டுக்கு ஓடுகிறதாம். இரண்டு கட்டம் தாண்டிக் குதிக்கிறதாம், சில நேரம் கேட்காமலே அச்சடிக்கிறதாம். நான் வழக்கமான மருந்தைச் சொன்னேன். மூடித் திறந்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். அங்கே நான்கு பேர் காத்திருந்தார்கள். ரிப்போர்ட் கொடுக்கலாமா, வேண்டாமா என்று கேட்டார்.

"ஒன்னும் ஆகாதுக்கா, நீங்க பாட்டுக்குப் போடுங்க. நான் உள்ள பாத்துக்கறேன்" என்றேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மதியம் வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக அவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். நான் தட்டினால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஒவ்வொரு கட்டமாக நகர்கிறது, கேள்வி கேட்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது. எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது என்றேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் சொல்வதிலேயே எதிராளிக்கு அதிகமாக எரிச்சல் மூட்டும் பேச்சு இதுதான். அக்கா போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு முழுக்க நான் எழுதியதையே வரி வரியாகப் படித்தேன். பழையபடி ஒரு பட்டனுக்கு ஒரே வேலையை இரண்டு முறை கொடுத்திருக்கிறேனா? இல்லை. நேரம் பார்த்துத் தானாக வேலையைத் தூண்டும் கடிகாரம் ஏதாவது பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறதா? இல்லை. சந்தேகத்தின் பேரில் மூன்று இடங்களை மாற்றி, சந்தேகம் தீராமல் மூன்றையும் பழையபடி வைத்தேன். வீட்டில் கறிக்குழம்பு வைத்திருந்தார்கள். அதுவும் எனக்கு ருசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் போனேன். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். திரைக்கு மேல் சந்தனம், குங்குமம். பிரிண்டருக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரத்துக்கும் தாராளமாக வைத்திருந்தார். நான் ஒரு பெயரை அடித்து என்டரைத் தட்டினேன். பட்டன் உள்ளே போயிற்று. போனது, உடனே வரவில்லை. யோசித்துவிட்டு மெதுவாக மேலே வந்தது. அதற்குள் திரையில் நாலு கட்டம் ஓடிவிட்டது.

பட்டனை நெம்பி எடுத்தேன். அடியில் மஞ்சளாக, காய்ந்து இறுகிப்போன சந்தனம்.

"கீபோர்டுல வச்சீங்களாக்கா?"

"ஒரே ஒரு பட்டன்ல தாம்பா வச்சேன். அதுதானே எல்லா வேலையும் செய்யுது" என்றார். கரைத்த சந்தனம் கொஞ்சம் நீர்த்துப் போயிருந்ததையும், விளிம்பில் வழிந்ததையும், பூஜைக்கு வைத்ததைத் துடைக்க மனசு வராததையும் அடுத்தடுத்துச் சொன்னார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. என் எழுத்தில் பிழை இல்லை! வெளியிலிருந்து நான் நுழைந்தபோது தட்டியது என் வீட்டுக் கீபோர்டு. அதனால்தான் எனக்கு ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஊசி போடும் இடத்தைத் துடைக்கிற பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்து அக்காவே பட்டனைச் சுத்தம் செய்தார். ஆயுதத்துக்கு மரியாதை செய்யலாம், அபிஷேகம் செய்யக் கூடாது என்று அவரைக் கிண்டல்கூடச் செய்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் சோதனை முடிந்த உடனேயே முடிவைப் பேனாவால் எழுதி வைக்கிற ஒரு நீள நோட்டு உண்டு. அதை விரித்தார். சனிக்கிழமை போன பதினான்கு ரிப்போர்ட்டையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். அவர் நோட்டைப் படிக்க, நான் திரையைப் படித்தேன். பதின்மூன்று சரியாக இருந்தன. ஒன்றில் மட்டும் நோட்டில் ஓ நெகட்டிவ், திரையில் ஏ பாசிட்டிவ்.

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சர்க்கரை அளவைப் போட்டு அக்கா என்டரைத் தட்டியிருக்கிறார். ஒட்டிக்கொண்ட பட்டன் ரத்த வகைக் கட்டத்தையும் தாண்டி, "உறுதி செய்யலாமா?" என்ற கேள்விக்கும் அதுவே ஆமாம் சொல்லிவிட்டது. தாண்டிய கட்டத்தில் ஏ பாசிட்டிவ் எங்கிருந்து வந்தது? நான் வைத்தது. பட்டியலில் முதலில் இருப்பது அது. கட்டம் காலியாக இருந்தால் அழகாக இல்லை என்று, ஜன்னல் திறக்கும்போதே முதல் வகை தெரியும்படி செய்திருந்தேன். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் என் புரோகிராம் தானாக ஒரு ரத்த வகையைச் சொல்லும். கேள்விக்கு முதல் பதிலாக ஆமாம் என்பதை வைத்தவனும் நான்தான். சந்தனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சிரித்தவனும் அதே நான்தான்.

அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார். பூலாம்பாடிப் பெண். முதல் பிரசவம், ஏழாம் மாசம். நெகட்டிவ் வகைக்காரிகளுக்குப் பிள்ளையின் ரத்தம் ஒத்துப்போகாமல் போகலாம் என்பதால், இந்த மாசத்தில் ஒரு ஊசி போட வேண்டுமா என்று பார்ப்பார்கள், பிரசவத்துக்கு முன்பே ரத்தத்துக்கும் சொல்லி வைப்பார்கள். பாசிட்டிவ் என்று எழுதியிருந்தால் இரண்டையும் யாரும் நினைக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். அதாவது நாளைக்கு.

கொடுத்திருந்த நம்பர் அவள் கணவனுடையது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவனாம். ஐந்து முறை அடித்தும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வந்தது. அக்கா புது ரிப்போர்ட்டை அச்சடித்து, நோட்டோடு இரண்டு தடவை சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். முகவரியைத் திரையில் பார்த்தேன். "கிழக்குத் தெரு, ரேஷன் கடை" என்று நின்றது. ரேஷன் கடைக்கு எதிரிலா, பின்னாலா, பக்கத்திலா? அக்கா முழுசாகத்தான் அடித்தாராம். முகவரிக்கு இருபத்தைந்து எழுத்து போதும் என்று முடிவு செய்த மகானும் நானே. துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் கம்ப்யூட்டர் தனித்தனி எழுத்தாக எண்ணும் என்பது தெரிந்திருந்தும் அப்படிச் செய்திருந்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னை அது பெட்ரோல் போட்டு விரட்டியது.

அரும்பாவூர் தாண்டிப் போகிறவரை மழை தூறிக்கொண்டே இருந்தது. ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தேன். வழியெல்லாம் ஒரே பயம்தான். அவள் வேறு எங்காவது கிளம்பிப் போயிருந்தால்? யாராவது ஏற்கெனவே அதைப் பார்த்து எழுதியிருந்தால்? என் தொழிலில் தப்பு என்றால் பட்டன் வேலை செய்யாது, ஜன்னல் உறையும், யாராவது திட்டுவார்கள். ஒரு பெண்ணும் அவள் வயிற்றுப் பிள்ளையும் அந்தப் பத்துக் கட்டத்துக்குள் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

கிழக்குத் தெருவில் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம் பெயரைச் சொல்லிக் கேட்டேன். யார், எதற்கு, என்ன உறவு என்று விசாரித்துவிட்டுத்தான் கையை நீட்டினார்கள். கடைக்குப் பின்னால், மூன்றாவது வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்கு வால் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரம்பலூர் லேபிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறியது. பயப்பட ஒன்றுமில்லை, ரிப்போர்ட்டில் ரத்த வகை தப்பாக அச்சாகிவிட்டது, சரியானதைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நேத்தே நர்சம்மா வந்து அதைப் பாத்து எழுதிட்டுப் போயிட்டாங்களேங்க."

எழுதியதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய்த் தாய் சேய் அட்டையை எடுத்து வந்தாள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் நீல மையில் உருண்டையான எழுத்தில் இருந்தன. விரலை வைத்துக் கீழே கீழே தேடினேன். ரத்த வகை என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. கட்டம் காலி.

"குரூப்பு மட்டும் எழுதலீங்க. அதை ஆஸ்பத்திரில இன்னொரு வாட்டி பாத்து, உறுதியானாத்தான் எழுதுவேன்னாங்க. அதுவரைக்கும் சும்மாவே கெடக்கட்டும்னுட்டாங்க."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அலறிப் புடைத்துக்கொண்டு வராமல் இருந்திருந்தாலும் இந்தப் பெண் தப்பித்திருப்பாள். அது எனக்கு அவமானமாகவே இல்லை. அத்தனை நிம்மதியாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, தப்பான ரிப்போர்ட்டை வாங்கிக் கிழித்தேன். சரியானதைக் கையில் கொடுத்து, ஓ நெகட்டிவ் என்று அவளையே இரண்டு முறை படிக்கச் சொன்னேன். நாளைக்கு இதை டாக்டரிடம் வாயாலும் சொல்ல வேண்டும் என்றேன். அக்காவுக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்தேன். ஊசி விஷயத்தை அக்கா நிதானமாக எடுத்துச் சொன்னார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அட்டை என் மடியில் திறந்தே இருந்தது. பூலாம்பாடியில் யாரோ ஒரு நர்ஸ், தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைத்த அந்த வெற்றுக் கட்டத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு அழகான கட்டத்தை இந்தப் பத்து வருஷத்தில் நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை.