காத்துப்பெட்டிக்கு நான் தச்ச வார்

என் தோஸ்த் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் கிஃப்ட் குடுத்தான். அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது.

நான் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில, சாம்பிள் செக்ஷன்ல கைத்தையல் போடுறவன். அவன் பைபாஸ் ஓரமா ஷெட் போட்டு கார் வேலை பாக்குறவன். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு, ஒரே சர்ச்சு. வேலூர்ல ஒரு டாக்டர் வெளிநாடு போறப்ப, ரெண்டே சீட்டு வெச்ச பழைய ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ணை விக்கிறார்னு கேள்விப்பட்டேன். "தைக்கிறவனுக்கு இன்னாத்துக்குடா ரேஸ் காரு?"ன்னு வீட்லயும் கேட்டாங்க, தெருவுலயும் கேட்டாங்க. "வாங்குடா, நான் இருக்கேன்"னு சொன்னது அவன் ஒருத்தன்தான். அந்த வார்த்தையை நம்பித்தான் வாங்கினேன்.

அந்த மாடல் நின்னு போயி பல வருஷம் ஆச்சு, ஸ்பேர் கிடைக்காது. இன்ஜினுக்குக் காத்து போற பெட்டியோட மூடி கிளிப்பு உடைஞ்சப்ப எங்கெங்கயோ தேடிட்டு, கடைசியில எங்க ஊர்க்காரன் எதுக்கும் செய்யுறதைத்தான் நானும் செஞ்சேன். பெல்ட் தோல்ல ஒரு வார் வெட்டி, மெழுகு நூல்ல ரெண்டு ஊசித் தையல் போட்டு, பக்கிள் வெச்சு இழுத்துக் கட்டிட்டேன். கடைசி மூணு தையலைத் திருப்பிப் போட்டு, முடிச்சை ரெண்டு தோலுக்கு நடுவுல ஒளிக்கிறது என் பழக்கம். நூல் எங்க முடிஞ்சுதுன்னே வெளியில தெரியாது. "யப்பா, கம்பெனிக்காரன்கூட இப்டி செய்யமாட்டான்டா"ன்னு அவன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஷெட்டுக்குக் கூப்பிட்டான். பளபளன்னு ஒரு அலுமினியக் குழாய், அது முனையில கூம்பு மாதிரி சிவப்பு ஃபில்டர். "அந்தப் பெட்டியைக் கழட்டிட்டு இதைப் போட்டா காத்து ஜாஸ்தி போவும், இழுவை பிச்சிக்கும். மொதல்ல சவுண்டைக் கேளு, அப்புறம் பேசு. என் கிஃப்ட்டு!"ன்னான். அவனே போல்ட்டைக் கழட்டினான். சென்சாரைப் பழைய பெட்டியில இருந்து பதமா உருவி புதுக் குழாயில மாட்டி, கிளாம்பு எல்லாம் முடுக்கினான். நான் டார்ச்சு புடிச்சேன். ஸ்டார்ட் பண்ணி ஒரு மிதி மிதிச்சதும் வண்டி உறுமிச்சு பாரு, ரெண்டு பேரும் லூசுங்க மாதிரி சிரிச்சோம்.

"பழைய பெட்டி?"ன்னு கேட்டேன்.

"என் வீட்டுப் பரண்மேல பத்திரமா இருக்கும். உன் வீட்ல எலி கடிச்சிரும்"னான். நம்ம மேல இவனுக்கு எவ்ளோ அக்கறைன்னு உருகிப் போனேன். முட்டாள் நான், வேற இன்னா சொல்றது?

பிப்ரவரி வரைக்கும் ராஜா மாதிரி ஓடுச்சு. வெயில் ஆரம்பிச்சதும் ஒரே பேஜார். ஃபில்டரு இன்ஜின் பக்கத்துல தொறந்து கெடக்குது, அந்த அனலைத்தான் இழுக்குது. மத்தியானம் சிக்னல்ல நின்னு எடுத்தா வண்டி நகரவே யோசிக்கும். சத்தம் ஜாஸ்தி, இழுவை கம்மி. "பழைய பெட்டியையே மாட்டிடலாம், குடுடா"ன்னேன். "நாளைக்கு எடுத்துனு வர்றேன்"னான். நாளைக்கு நாளைக்குன்னே மே மாசம் வந்துடுச்சு.

அப்பதான் ஒரு நாள் பள்ளிகொண்டா தாண்டி ஹைவே டீக்கடையில நிறுத்தினேன். அங்க என் வண்டி மாடலே, வெள்ளையில ஒண்ணு, பானெட்டைத் தூக்கி வெச்சுனு நிக்குது. நமக்குக் கால் சும்மா இருக்குமா? போய் எட்டிப் பார்த்தேன். காத்துப்பெட்டி மூடியில என் வார். நான் வெட்டினது, நான் தச்சது. விரலை வெச்சுத் தடவினேன். முடிச்சு எங்கயும் தட்டுப்படல.

வண்டிக்காரர் ஒரு தோல் கம்பெனி முதலாளி. ஆசையா வந்து சொன்னார்: "ஒரிஜினல் சார். என்னோடது விரிசல் விட்டுப் போச்சு. ஆம்பூர்ல ஒரு மெக்கானிக் கிறிஸ்துமஸ் சமயத்துல எங்கயோ தேடிப் புடிச்சு மாட்டிக் குடுத்தார். இப்ப எங்க கம்பெனி வண்டிங்க எல்லாமே அவர்கிட்டதான்."

அந்தக் குழாய் எனக்குக் குடுத்த கிஃப்ட்டே இல்ல. என் பெட்டியை என் கண்ணு முன்னாலயே கழட்டினு போறதுக்கு ஒரு வழி. அதுக்கு நான் டார்ச்சு வேற புடிச்சிருக்கேன்!

வண்டியில ஒக்காந்து அவனுக்குப் போன் போட்டேன். அவன் வாயால உண்மை வரட்டும்னுதான். "பெட்டி எங்கடா?"

"பரண்மேலதான்டா. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா எடுத்துனு வர்றேன்."

சொன்ன மாதிரியே சர்ச்சு முடிஞ்சு வந்தான், கையில ஒரு பெட்டியோட. விரிசல் மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தான். மூடியில ஒரு தோல் வாரு, அதுல ரெண்டு ஊசித் தையல். பழசாத் தெரியணும்னு கிரீஸைப் பூசியிருந்தான். இத்தினி வருஷம் பக்கத்துல நின்னு பார்த்தவன் இல்லியா, சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே தச்சிருந்தான். கடைசி முடிச்சு மட்டும் வெளியில துருத்தினு நின்னுச்சு. அவன் இடது கட்டை விரல்ல ஊசி குத்தின புள்ளிங்க இன்னும் ஆறல.

"குடுத்துட்டேன்டா, தப்புதான்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன்.

"இதை யாருடா தச்சது?"ன்னு கேட்டேன்.

அவன் என் கண்ணை நேராப் பார்த்துச் சிரிச்சான். "இன்னாடா கேள்வி இது? உன் தையல் உனக்கே தெரியலியா?"