இரண்டாவது தடவை எடுத்த பல் படம்

என் ஓரகத்தி தையல்காரி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முன் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைக்கிறாள். உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டுதான் அளவெடுப்பாள். சிரிப்பு வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். அதனால் நான் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

போன வாரம் அவளுக்குக் கடைவாயில் வலி, தாடை வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் தனியாகப் போய்வந்தாள். தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னாராம். எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கு நான் துணைக்குப் போனேன். வலிக்குமா என்று வழியெல்லாம் கேட்டாள். படம்தானே பிடிக்கப்போகிறார்கள், பல்லையா பிடுங்கப்போகிறார்கள் என்று அதட்டினேன்.

படம் எடுக்கும் பெண் வந்து, வயிற்றில் குழந்தை உண்டா என்று கேட்டாள். தோடு, சங்கிலி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். பிறகு, "கழட்டி மாட்டுற பல்லு ஏதாவது இருக்கா?" என்றாள்.

ஓரகத்தி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அவளுக்கு எதுக்கும்மா அது? குண்டூசியையே மென்னு தின்னுடுவா. செட்டுப் பல்லெல்லாம் கிழடுங்களுக்கு."

காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவள் தோட்டை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கனமான ஒரு கவசத்தைத் தோளில் போட்டார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து, சின்னக் குச்சி ஒன்றைக் கடித்து, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மெஷின் அவள் தலையை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளை வெளியே கூட்டிவந்தாள். மேல் வரிசையில் கம்பி மறைத்துப் படம் வீணாகிவிட்டதாம். கேட்டபோதே சொல்லியிருந்தால் இரண்டாவது தடவை எடுக்க வேண்டியிருக்காதே என்று கடிந்துகொண்டாள். ஓரகத்தி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சுவர் பக்கம் திரும்பி எதையோ கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினாள். மேலுதடு உள்ளே போயிருந்தது.

முன்பல் இரண்டும் கல்யாணத்துக்கு முன்பே மாடிப்படியில் விழுந்து போனவையாம். கொழுந்தனுக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும்.

"எனக்கு மட்டும் ஏன்டி சொல்லல?"

வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பூட்டோட போகட்டும்னு இருந்துட்டேன்க்கா. தெரிஞ்சா வேற பேரு வைப்பீங்க."

அவள் சொன்னது சரிதான். வைத்திருப்பேன்.

கைப்பிடியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. கைக்குட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஈரமாக இருந்தது. என் பேச்சுக்குச் சிரித்த அம்மாள் ஒருத்தி, என்ன ஆச்சு, மறுபடியும் எடுக்கிறார்களா என்று கேட்டாள்.

"அவ மேல தப்பில்ல. நான்தான் நடுவுல வாயைக் குடுத்துக் கெடுத்தேன்" என்றேன். தலை நிமிரவில்லை.

அவள் வெளியே வந்ததும் எழுந்து, மற்றவர்கள் பார்க்காதபடி முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன். முதலில் கைக்குட்டையைக் கொடுத்தேன். தோடு பிறகுதான்.