கழுவியும் போகாத படம்

மனிதனின் நெஞ்சுக்கூடு கிலோ நூற்றெண்பது. நான் போட்ட விலைதான். டாக்டர் பேரமே பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பொய் சொல்வதாக இருந்தால் கடையில் சொல்வேன், நாலு காசாவது தேறும். இது நடந்தது.

பழைய எக்ஸ்ரே படங்களை வாங்கி, காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைப்பேன். கறுப்பு கழன்று தொட்டியடியில் சேறாகப் படியும். அந்தச் சேற்றில் வெள்ளி இருக்கிறது. மிச்சம் வெறும் கண்ணாடித்தாள். அன்று துறைமுக கிளினிக் டாக்டர் பன்னிரண்டு படங்களைக் கட்டிக் கொடுத்தார்.

"பிரிச்சுப் பாக்காதீங்க. இன்னைக்கே கரைச்சிடுங்க."

"விலை?"

"நீங்க சொல்றதுதான்."

தங்கச்சி வீட்டுக்காரரை, என் மச்சானை, இதே டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான். கப்பல் உடைந்து கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோது, மச்சானும் கூட்டாளிகள் பதினொரு பேரும் வாளியால் அள்ளினார்கள். அப்புறம் எல்லாருக்கும் இருமல். அத்தனை பேருக்கும் படம் எடுத்துவிட்டு, "நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். நஷ்டஈடு கேட்க அந்தப் படம் வேண்டுமென்று மச்சான் நடையாய் நடந்தார். "நோயாளி ரகசியம், தர முடியாது." நோயாளிக்கே ரகசியம்! எண்ணெய் அள்ள வைத்த கான்ட்ராக்டருக்கு மட்டும் படத்தில் இருந்தது எப்படியோ தெரிந்துபோய், பன்னிரண்டு பேருக்கும் வேலை போனது.

பன்னிரண்டு என்று எண்ணத் தெரிந்த எனக்கு, யாருடைய படம் என்று கேட்கத் தோன்றவில்லை.

மாலை 6.50. சோடா நெடிக்குப் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் ஷட்டரை இறக்கி உள்ளே பூட்டியிருந்தேன். பதினொரு படம் வெளுத்துக் கொடியில் தொங்கியது. துளி காற்றில்லை.

ஒன்றின் நடுவில் பனித்தது. தெளிந்தது. மறுபடி பனித்தது... யாரோ வாய் வைத்து ஊதுவதுபோல.

பிறகு பதினொன்றும்.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

கச்சா எண்ணெய் வாடை.

தொட்டியில் ஒன்று மட்டும் வெளுக்கவில்லை. இடுக்கியால் தூக்கினேன். நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். மூலையில் மச்சான் பெயர்.

அது மட்டும் பனிக்கவில்லை.

"வியாபாரி..." என் முதுகுக்குப் பின்னால். மச்சான் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "என்ன விலைக்கு வாங்கினே?"

இருமல் இல்லாத குரல்.

என் வாய் பழக்கதோஷத்தில், "நூத்தியெண்பது" என்றது.

"என்கிட்டயும் விலை சொல்லியிருக்கலாமே... வாங்கியிருப்பேனே."

திரும்பினேன். ஷட்டர். பூட்டு. பூட்டியபடியே.

7.10. போன். தங்கச்சி.

"அண்ணா... அவர் போயிட்டார்ணா. ஆறரைக்கே..."

மறுநாள் சாவு வீட்டுக்குக் கூட்டாளிகள் பதினொரு பேரும் வந்தார்கள். வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே மூச்சு. ஹ்ஹ்... ஹ்ஹ்... அவர்களில் மூத்தவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நேத்து சாயந்திரம் உன் மச்சான் என் வீட்டுக்கு வந்தான்ப்பா. இருமவே இல்லை. 'நம்ம படமெல்லாம் வியாபாரிகிட்ட பத்திரமா இருக்கு, போய் வாங்கிக்கோங்க'ன்னான்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு."

மற்ற பத்துப் பேரையும் தனித்தனியே கேட்டேன். அவரவர் வீட்டு வாசலில். ஏழு மணிக்கு.

டாக்டரிடம் போனேன். "அப்படி யாருக்கும் படமே எடுக்கலையே" என்றார்.

கணக்கு இதுதான். வாங்கியது பன்னிரண்டு. தேறிய வெள்ளி இரண்டு கிராம், இன்னும் விற்கவில்லை. தங்கச்சி கையில் கொடுத்தது ஒன்று.

பாக்கி, பதினொன்று.