சித்தப்பாவுக்காக எழுதிய மனு

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். அந்த வீட்டில் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைக்கமாட்டார்கள்.

இருவருமே வெள்ளைக்காரன் போகவேண்டும் என்று நின்றவர்கள்தான். மனுக் கொடுத்து, கூட்டங்களில் பேசி, படிப்படியாகச் சுதந்திரம் வாங்கலாம் என்பது பெரியப்பாவின் பக்கம். கெஞ்சி வாங்குவது சுதந்திரமே இல்லை என்று துண்டுப்பிரசுரம் ஒட்டி மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போனவர் சித்தப்பா. வெள்ளைக்காரன் போய்ப் பல வருடங்களாகியும் அந்தச் சண்டை மட்டும் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. இருவருக்கும் நடுவில் பிறந்த என் அப்பா வாயே திறக்கமாட்டார். அதனால் தூது போனவள் நான்.

“உன்ர சித்தப்பாவிட்டைக் கேள், மறியலுக்குப் போய் என்னத்தைக் கண்டவராம்?”

“பெரியப்பாவிட்டைச் சொல்லு, நான் ஒருத்தனுக்கும் தலைகுனியாமல் வெளியில வந்தனான்.”

இரண்டு முழத் தூரத்தில் இருவருக்கும் எல்லாமே கேட்கும். இருந்தாலும் நான் திரும்பத் திரும்ப ஒப்பிப்பேன். பின்னேரம் இரண்டு பக்கமிருந்தும் கச்சான் கடலை கிடைக்கும்.

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, சுதந்திரத்துக்கு முந்திய காலத்துப் பொருள் ஏதாவது கண்காட்சிக்குக் கொண்டுவரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பெரியப்பாவின் பெட்டியைக் கிளறியதில், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தின் பிரதி அகப்பட்டது. எனக்கு அதில் சித்தப்பாவின் பெயர் மட்டுமே விளங்கியது. அவரிடமே ஓடிப்போய் வாசிக்கக் கொடுத்தேன்.

நின்றபடி வாசித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொருமுறை வாசித்தார். எழும்பி நேரே பெரியப்பாவிடம் போனார்.

“அண்ணை, நான் மன்னிப்புக் கேக்கிறன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மா சாகக் கிடந்தவ. உன்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவ.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான் உன்னை விடச்சொல்லி வெள்ளைக்காரனுக்கு எழுதினனான். நீயும் வந்து அவவின்ர முகத்தைப் பாத்தனி.”

நான் குசினிக்கு ஓடி, “அம்மா, அவையள் கதைச்சிட்டினம்” என்றேன்.

மறுநாள் சித்தப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். கடிதமும் அவரோடு போனது. கண்காட்சிக்கு வெறுங்கையோடு போகவேண்டி வந்ததில் எனக்கு அவர்மேல் பெரிய கோபம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சாப்பாடு கொண்டுபோனேன். சித்தப்பா பார்சலைப் பிரிக்கவில்லை.

“சின்னண்ணை, நான் மறியலால வந்தாப் பிறகு அம்மா எத்தினை நாள் இருந்தவ?”

“மூண்டு நாள்” என்றார் அப்பா.

சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார். அந்த மூன்று நாளும் அப்பம்மாவின் கட்டிலடியை விட்டு எழும்பாதவர் என்று வீட்டில் எல்லாரும் சொல்லும் சித்தப்பா, அதைப் போய் ஏன் அப்பாவிடம் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.