கதவுக்கு அந்தப் பக்கம் ஏழுமலை அண்ணன்

விழுப்புரத்திலிருந்து ஏழுமலை அண்ணன் மகள் செல்வி போன் செய்தபோது நான் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். வருகிற பஸ்ஸின் பலகையையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் எனக்கு இப்போது பெரிய சந்தோஷம். "சித்தப்பா, அப்பா காலையில தவறிட்டாரு" என்றாள். அன்று சனிக்கிழமை, அண்ணனும் நானும் விளையாட உட்காரும் நாள். நான் உடனே நம்பவில்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்து மகளை விட்டுச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவள் அழுத பிறகுதான் என் புத்தியை நினைத்து வெட்கப்பட்டேன்.

நாளை படத்திறப்பில் நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுவீர்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுதி வைத்துக்கொண்டால் பார்த்துப் படித்துவிடுவேன். இதை எழுத நாலு நாள் ஆயிற்று. அவரிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை உங்களிடம் சொன்னால்தான் அவர் படத்துக்கு மாலை போட என் கை எழும்.

அவர் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். நான் கடலை மில்லில் மல்லாட்டை மூட்டை தூக்கியவன். எங்கள் லாரி வரும்போதெல்லாம் அவர் கேட் மூடியே இருக்கும். ஒருநாள் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"தொறந்து வுடுண்ணா, ஜல்தியா போய்டுவோம்."

"வண்டி வருது."

"எங்க வருது? கண்ணுக்குத் தெரியலியே."

"வருதுன்னு சொன்னா வருது."

மூட்டைக்காரனைக் காக்கவைப்பதில் இவருக்கு ஒரு குஷி என்று நினைத்தேன். சொன்னபடியே ரயில் வந்தது. அப்போதும் என் சந்தேகம் போகவில்லை.

ஓய்வு பெற்றபின் அவர் விழுப்புரத்தில் மகள் செல்வி வீட்டில் இருந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், "சனிக்கிழம வா முனுசாமி, ஒரு வெளாட்டு கீது" என்றார். செல்வி வாங்கி வைத்திருந்த அட்டை விளையாட்டு அது. பெரிய அட்டை முழுக்கப் பாதாள அறைகளும் கதவுகளும். ஒருவர் பாதாளத்துக்குத் தலைவர். எலும்புக்கூடு, ராட்சசன், எட்டுக்கால் பூச்சி எல்லாம் அவர் படை. இன்னொருவர் நான்கு வீரர்களோடு உள்ளே புகுந்து, கடைசி அறையில் இருக்கும் கிரீடத்தை எடுக்க வேண்டும். எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது அங்கே குப்புறக் கிடக்கும் சீட்டில் இருக்கும், தலைவருக்கு மட்டும் தெரியும். அண்ணன் ஒருநாளும் வீரர்கள் பக்கம் ஆடவில்லை. "உள்ள பூர்றவன் நெனச்ச நேரத்துக்கு வருவான். காவலுக்கு இருக்கிறவன்தான் முழிச்சிக்கினே கெடக்கணும். நான் இவனுங்க கட்சி" என்று ராட்சசனைத் தட்டிக் கொடுப்பார்.

ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. அதன் பலத்தைச் செல்வி தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் படிப்பதுதான் சட்டம்.

"எலும்புக்கூடு. ரெண்டு தடவ அடிக்கும்."

"போன வாரம் ஒரு தடவைன்னியே?"

"அது சின்னது. இது பெருசு."

"செத்துப்போன எலும்புல இன்னாண்ணா சின்னது பெருசு?"

வாராவாரம் என் நான்கு பேரும் செத்தார்கள். அடுத்து வந்த ஒரு கல்யாணத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேர் கேட்க, "இவரு சீட்ட மாத்தி மாத்திப் படிச்சி என்னை ஏமாத்துறாரு" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "அப்ப நீயே படிச்சிக்க" என்று மட்டும் சொன்னார்.

அவரைப் பிடிப்பதற்காகவே முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். அவரிடம் சொல்லவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் அங்கே அதிகம். "இன்னா தாத்தா, யாருக்கு லெட்டர் எழுதப் போற?" என்று கேலி செய்வார்கள். ஏழு மாதம் போனேன். 'அ' எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் பெயரை எழுதியதும் அழுகை வந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் டீ வாங்கப் போன நேரத்தில் சீட்டுகளை எல்லாம் பரப்பிப் படித்தேன். அவர் படித்தது எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றுகூட மாறவில்லை. எலும்புக்கூட்டில் சின்னதும் பெரியதும் இருந்தன. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஏழு மாதம் படித்தும் ஒரு திருட்டுகூட அகப்படவில்லை. நிமிர்ந்தால் அண்ணன் டீயோடு வாசலில் நிற்கிறார்.

"இன்னா, கெடச்சுதா?"

"இன்னும் பாக்கணும்" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். நான் படிப்பதைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது. 'நீ சரியாத்தாண்ணா படிச்ச' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒருமுறை ஜெயித்துவிட்டுச் சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசி ஆட்டத்தில்தான் முதல்முறையாக என் நான்கு பேரும் உயிரோடு உள்கதவு வரை போனார்கள். அந்த அறையைத் தாண்டினால் கிரீடம்.

"உள்ள ஒண்ணுமில்ல. வா" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லன்னா நீ ஏன் கூப்புடுற?"

"ஒண்ணுமில்லாததாலதான் கூப்புடுறேன்."

அவர் முகத்தையே பார்த்தேன். போகவில்லை. இரண்டு சனிக்கிழமை என் வீரர்கள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார்கள். "வண்டி வருதுன்னாலும் நம்பல, ஒண்ணும் வரலன்னாலும் நம்பல. உன்ன வெச்சிக்கினு பேஜாரா கீதுய்யா" என்றார். மூன்றாவது சனிக்கிழமைதான் செல்வியின் போன் வந்தது.

ஆட்டத்தை அவள் கலைக்கவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள். "நீங்களே முடிச்சிடுங்க சித்தப்பா" என்றாள். கோடாரி வீரனை முன்னால் நகர்த்திக் கதவைத் திறந்தேன். குப்புறக் கிடந்த சீட்டை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். காலி அறை. சீட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

கிரீடத்தை எடுக்கவில்லை. அந்தச் சீட்டை மட்டும் செல்வியிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அதுவும், அவர்மேல் பட்ட சந்தேகத்தில் நான் கற்ற எழுத்தும்தான் எனக்கு அவரிடமிருந்து மிச்சம். அன்று அந்தப் பந்தியில் இருந்தவர்கள் நாளை படத்திறப்பிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஏழுமலை அண்ணன் சீட்டில் இருந்ததைத்தான் படித்தார். நானே படித்துப் பார்த்துவிட்டேன்.