கூடத்துச் சுவரில் மாட்டிய கண்ணாடி

கண்ணாடி மாட்டியிருக்கும் அறைக்குள் நுழைந்தால், அதில் யார் தெரிகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். என் பிழைப்பு அப்படி. சென்னையில் வாடகைக்கும் விலைக்கும் வருகிற வீடுகளின் உள்பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஜன்னலைத் திறந்து, டியூப்லைட்டை அணைத்து, தொங்குகிற ஒயர்களை மறைத்து, கேமராவை இடுப்பு உயரத்தில் நிறுத்தினால் எந்த வீடும் கொஞ்சம் நல்ல வீடாகிவிடும். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்கிறார்கள். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரே நாளில் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிற கதை இல்லை அது.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மூன்று பெண்கள், நான் கடைசி. பெரியக்கா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளை ரிஷிவந்தியம் தாண்டி ஓர் ஊரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டைச் செல்போன் படத்தில்தான் பார்த்தோம். டைல்ஸ் தரை, ஃபிரிட்ஜ், சிவப்பு சோபா. அக்கா போய்ச் சேர்ந்த மறுவாரமே சோபா பக்கத்து வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டதாம். வயிற்று வலி தாங்காமல் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டாள் என்று பிறகு அவர்கள் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது, நானும் நம்பினேன். எனக்கு வயிறு வலித்தால் யாரிடமும் சொல்லாமல் சுருண்டு படுத்துக்கொள்வேன்.

அக்காவோடு சீர்வரிசையாகப் போன பீரோவும் கட்டிலும் பெரிய கண்ணாடியும் மினி லாரியில் திரும்பி வந்து உள்ளறையில் அடைந்தன. அக்காவின் படம் மட்டும் கூடத்துக்கு வந்தது. நீலச் சுவரில், மாலை போட்டு, முன்னால் சிவப்பாக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. பல்பை அணைக்கும் உரிமை வீட்டில் யாருக்கும் கிடையாது.

சின்னக்காவைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து, யார், எப்படி என்று விசாரித்து, காபி ஆறிப்போக எழுந்து போனார்கள். இப்படிச் செத்த பெண் இருக்கிற வீட்டில் பெண்ணெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஆத்தூர் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் சிங்கப்பூரில். வீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், அவன் அங்கிருந்தே பார்த்துக்கொள்வான் என்றார்கள். வீட்டில் இரண்டே பெண்கள் என்று சொல்லி வைத்திருப்பதாகவும், நாங்களும் அப்படியே இருந்துகொள்ள வேண்டும் என்றும் தரகர் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். இதையும் விட்டால் பெண் வீட்டோடு நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். காதுகுத்தும் கல்யாணமுமாக எடுத்துக்கொண்டிருந்தவருக்கு, வெள்ளிமலையில் புதிதாகக் கட்டிய ஒரு தங்கும் விடுதியைப் படம் எடுத்தபின் தலைகால் புரியவில்லை. கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையைக் கல்யாண மண்டபம் போலக் காட்டியவர் அவர். அதற்கென்று வாங்கிய அகல லென்ஸைச் சின்னக்காவுக்காகக் காலையிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தார்.

“இன்னாக்கா, இது வூடா, குடோனா?”

மக்காச்சோள மூட்டைகள் மாட்டுக் கொட்டாய்க்குப் போயின. கொடிக்கயிறு அவிழ்ந்தது. எதிர் வீட்டிலிருந்து சோபா வந்தது. அதுவும் சிவப்பு. சின்னக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றாள். மாமா வெள்ளைத் தெர்மாகோலை ஜன்னல் எதிரே சாய்த்து வெளிச்சத்தைத் திருப்பினார், சுவர்க்கோடு சாயாமல் கேமராவை நிமிர்த்தினார். எங்கள் கூடம் யார் வீட்டுக் கூடமோ ஆகிக்கொண்டிருந்ததில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

அக்கா படம்தான் மிச்சம். அதைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கொட்டாயில் வைக்கலாம் என்று மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“எம்பொண்ண எங்கடா கொண்டு போய் வெக்கச் சொல்ற, மாட்டாண்டயா?” என்றாள் அம்மா. பிறகு அவளே ஸ்டூல் மேல் ஏறிக் கழற்றினாள். பல்பை அப்பா அணைத்தார். அம்மா படத்தை மாலையோடு மார்பில் அணைத்துக்கொண்டு நின்றாள், கீழே வைக்கவில்லை.

ஊதுபத்திப் புகை படாத இடம் சுவரில் பளிச்சென்று ஒரு சதுரமாகத் தெரிந்தது. காலண்டரை மாட்டிப் பார்த்தார்கள், போதவில்லை. சின்னக்கா உள்ளறைக்குப் போய், லாரியில் திரும்பி வந்த கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே ஆணியில் மாட்டினாள். அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்று மாமா அவளை மெச்சினார். கண்ணாடியில் தானும் கேமராவும் விழாதபடி மூலைக்கு நகர்ந்து நின்றுகொண்டார். டீ வந்ததும் குடிக்க வெளியே போனார்.

அந்த இடைவெளியில் சின்னக்கா கேமரா இருந்த மூலைக்கு வந்தாள். குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். போய் அதை லேசாகச் சாய்த்தாள். மறுபடி வந்து பார்த்தாள். கல்யாணப் பெண்ணுக்கு அழகு பார்த்து முடியவில்லை என்று நான் கேலி செய்தேன். அவள் என் தலையில் குட்டவில்லை, அதுவே அதிசயம்.

எல்லோரும் வெளியே போங்கள் என்றார் மாமா. மாலை போட்ட படத்தோடு தெருவில் நின்றால் ஊரே கேட்கும். அம்மா திகைத்தாள்.

“நீ அடுப்பாங்கரை வாசப்படியாண்டயே நில்லும்மா. அக்காவ வெச்சிக்கினு நில்லு,” என்றாள் சின்னக்கா. அந்த வாசல் இருட்டாக இருந்தது. கேமராவுக்கு நேரே அது இல்லை என்பதால் மாமாவும் சரி என்றார்.

ஸ்டூடியோவுக்குப் போய் மாமா படங்களுக்கு வெளிச்சம் ஏற்றினார். மூலைமுடுக்கெல்லாம் துலங்கும்வரை ஏற்றினார். முகூர்த்த மாசத்து வேலை நெரிசலில் சுவரையும் தரையையும் பார்த்தாரே தவிர, கண்ணாடிக்குள் என்ன துலங்கியது என்று பார்க்கவில்லை. அப்படியே தரகருக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் மதியம் பையனின் அம்மாவே பேசினாள். எல்லோரும் கேட்கட்டும் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டார். வீடு லட்சணமாக இருக்கிறது என்றாள். பையன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தானாம். கண்ணாடியில் ஓர் அம்மா மாலை போட்ட படத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அந்தப் பெண் யார் என்று தன்மையாகத்தான் கேட்டாள்.

அப்பா போனைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். சின்னக்கா போனை வாங்கினாள்.

“எங்க பெரியக்காங்க. செத்துப்போச்சு. அதையும் இப்பிடித்தான், வூட்டு போட்டோ பாத்துக் குடுத்தாங்க.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அப்பா சோளக் காட்டுக்குப் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவை அதே ஆணியில் மாட்டிப் பல்பைப் போட்டாள்.

கண்ணாடியைக் கவனிக்காமல் விட்டது மாமாவின் தவறு என்று வீடே நினைத்தது. மாமாவும் அப்படியே நினைத்து அழுதார். எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டார், அந்த லென்ஸையும் விற்றுவிட்டார். அப்பா அவரோடு கடைசிவரை பேசாமலே போய்ச் சேர்ந்தார். சின்னக்காவுக்கு அதற்குப் பிறகு இடமே வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் இருக்கிறாள். இன்றுவரை அவள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பிழைக்க வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அன்றைக்கு அவள் அழகு பார்க்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேனே, கேமரா நின்ற அந்த மூலையிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் பார்க்கிறவர் முகம் தெரியாது. அடுப்பாங்கரை வாசல்தான் தெரியும்.