இரண்டு விரற்கடை மழை

போன வாரம் என் நாத்தனார் ராஜஸ்தானிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறார். எடுத்த எடுப்பில், "அங்க மழையா?" என்றார். ஆமாம், ஊரப்பாக்கத்தில் காலையிலிருந்து மழை என்றேன். "எவ்ளோ?" என்றார். நான் யோசிக்காமல், "ஒரு விரற்கடை இருக்கும்க்கா" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். ஃபோனை வைத்த பிறகு சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். மழையை விரலால் அளந்த அந்த இரண்டு வருடங்களை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் நம்புவார்களா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. எனக்கு எதிலும் சந்தேகம்தான் முதலில் வரும்.

நாத்தனாரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவருக்கு நான்கு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்காத கட்டத்துக்கு வந்திருந்தார். கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ வகுப்பு எடுத்துக்கொண்டு, எங்களோடு ஊரப்பாக்கத்தில் இருந்தபடியே பகுதிநேர ஆராய்ச்சி செய்துவந்தார். ஆராய்ச்சி எறும்பைப் பற்றி. எல்லா எறும்பும் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் தேரி என்று சிவப்பு மணல்மேடுகள் இருக்கின்றன. நம் ஊரின் பாலைவனம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அங்கே உச்சிவெயிலில், மற்ற உயிரெல்லாம் நிழல் தேடும் நேரத்தில், வயிற்றைத் தூக்கிக்கொண்டு சுடுமணலில் ஓடும் நீளக்கால் எறும்பு ஒன்று உண்டு. அதன் ராணி எப்படித் தன்னந்தனியாக முதல் கூட்டைத் தொடங்குகிறது என்பதுதான் அக்காவின் கேள்வி.

ராணி கிடைப்பதுதான் பாடு. நல்ல மழை பெய்து வெயிலடித்தால் றெக்கை முளைத்த ராணிகள் வெளியே பறந்து வரும். இணை சேர்ந்ததும் தரையிறங்கி, றெக்கையை உதிர்த்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். போனால் போனதுதான். ஆயுளுக்கும் வெளியே வராது. வருடத்தில் ஒன்றிரண்டு நாள், அந்த நாளிலும் ஒரு மணி நேரம். அதில் பிடித்து வந்து கண்ணாடிக் குழாயில் வைத்து வளர்க்க வேண்டும். மூன்று ராணிகளாவது முதல் எறும்புகளை வளர்த்துக் காட்டினால்தான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் நிற்கும் என்று அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அக்கா அதற்குமுன் மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். ஆராய்ச்சிக்கான பதிவுக் காலம் முடிய இரண்டு வருடம்தான் பாக்கி.

என் கணவருக்கு இது தீராத வேடிக்கை. "ஊர்ல எல்லாரும் எறும்புக்கு மருந்து வாங்கறாங்க. எங்க வீட்லதான் எறும்புக்காக டிரெயின் டிக்கெட் வாங்கறோம்" என்பார். "டேய், உனக்கு மருந்து வெக்கிறேன் இரு" என்பார் அக்கா.

இதில் நான் எப்படி நுழைந்தேன் என்றால், என் பயத்தால் நுழைந்தேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. வானம் கொஞ்சம் மூடினால் அவளுக்கு வீசிங் வந்துவிடும். டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு நீள நோட்டில் தினமும் எழுதிவைத்தேன். காலையில் மேகம் எப்படி, காற்று எந்தப் பக்கம், துணி எத்தனை மணிக்குக் காய்ந்தது, பாப்பா என்ன சாப்பிட்டாள், இருமினாளா, என்ன மருந்து, காரணம் என்ன. "காரணம்" என்று ஒரு தனிக் கட்டமே உண்டு. டாக்டர் அந்த நோட்டை ஒரே ஒரு தடவை புரட்டிப் பார்த்து, "நீங்க நல்லா தூங்கறீங்களாம்மா?" என்று கேட்டார். அதன்பிறகு அதை யாருக்கும் காட்டவில்லை.

அக்கா அதைத் தற்செயலாக ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பார்த்தார். நான் பறிக்கப் போனேன். விடவில்லை. உட்கார்ந்து பதினைந்து பக்கம் படித்தார். "ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்க. என் ரெகார்டு இப்படி இல்லையே" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. "இதுல இன்னொரு கட்டம் போடறியா? தேரியில மழைன்னு."

தேரியின் ஓரத்தில் ஒரு டீக்கடை. அண்ணாச்சி ஒருவர் நடத்தினார். கடையில் ஃபோன் இருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் அவரைக் கூப்பிட வேண்டும். முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணாச்சிக்கு எல்லாமே மழைதான். "நல்ல மழையில்லா பெஞ்சிருக்குக்கா" என்பார். விசாரித்தால் நாலு தூறல். ஒருநாள் நான் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, ஒரு பழைய ஜாம் பாட்டிலை வெட்டவெளியில வெச்சுடுங்க. காலையில எத்தனை விரல் தண்ணி நிக்குதுன்னு சொன்னா போதும்" என்றேன். "இதுக்கு எவ்வளவு சம்பளம் தருவீய?" என்றார். "அக்கா வரும்போது தாம்பரத்துலேர்ந்து உங்களுக்கு ஒரு கிலோ மிக்ஸர்." "காரம் தூக்கலா வாங்கியாங்க" என்று சொல்லி ஃபோனை வைத்தார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் அளந்தார். "அரை விரக்கட." "பாட்டில்ல பல்லி கெடக்கு, மழ இல்ல." நானும் அப்படியே எழுதினேன்.

அக்கா தன் பழைய குறிப்புகளையும் என் நோட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து ஒரு கணக்குக்கு வந்தார். ஒரு விரற்கடை போதாது. மேல் மணல்தான் நனையும். இரண்டு வேண்டும். பிறகு ஒரு நாள் முழு வெயில். அதற்கடுத்த நாள் மதியத்துக்குமேல், காற்று அடங்கியிருந்தால் ராணிகள் வரும். அதாவது அண்ணாச்சி காலையில் சொன்னால், சாயங்காலம் தாம்பரத்தில் நெல்லை ரயிலைப் பிடித்து, மறுநாள் மதியம் தேரியில் நிற்கலாம். அக்கா அந்த ரயிலுக்கு முன்பதிவு செய்ததே இல்லை. "ரிசர்வேஷன் ரெண்டு மாசம் முன்னாடி. மழை ரெண்டு நாள் முன்னாடி. எதை நம்புவ?" என்பார். எப்போதும் பொதுப்பெட்டிதான்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை அண்ணாச்சி, "எக்கா, ரெண்டு விரக்கட, சுத்தமா" என்றார். நான் உடனே பள்ளிக்கு ஃபோன் செய்து அக்காவிடம் சொல்ல வேண்டும். ஏற்பாடு அதுதான். ஆனால் இங்கே விடியற்காலையிலிருந்து மழை. பாப்பாவின் மார்பு லேசாக விசிலடித்துக்கொண்டிருந்தது. கணவருக்கு மறைமலைநகர் கம்பெனியில் அந்த வாரம் இரவு ஷிப்ட். அக்காவும் போய்விட்டால் நானும் குழந்தையும் மட்டும். டிவியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். ஃபோனை எடுத்து, "ரெண்டு விரற்கடைதான்க்கா. ஆனா காத்து வரும்னு சொல்றாங்க. வேண்டாம்னு தோணுது" என்றேன். அக்கா ஒரு விநாடி யோசித்துவிட்டு, "சரி. நீ சொன்னா சரி" என்றார்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியே கூப்பிட்டார். "ஏன் வரல? மணல் பூரா றெக்கயாக் கெடக்கு. கடை வாசல்ல வாரிக் கொட்டுதேன்."

தை மாதத்தில் அக்கா பேராசிரியருக்காக ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த நாளுக்குக் காத்துன்னு எழுதியிருக்க. அன்னிக்கு ஓலைகூட அசையலன்னு அண்ணாச்சி சொல்றாரே" என்று கேட்டார். நான் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். டிவியில் சொன்னது உண்மை. ஆனால் அது எங்கள் பக்கத்துக் கடலுக்கு. தேரிக்கு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தனியாக இருக்கப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே, இல்லை, நிஜமாகவே காற்றுக்கும் பயந்தேனோ என்று உள்ளே ஒரு வாதம் ஓடியது.

அக்கா பேனாவை என் பக்கம் தள்ளினார். "காரணத்தை அடிச்சுட்டு மாத்தி எழுது."

"அக்கா, மன்னிச்சுடுங்க. நான்..."

"எனக்குக் கோபம்தான். அது ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் போயிடும். இது தப்பா இருந்தா போகவே போகாது. எழுது."

காற்று என்பதை அடித்துவிட்டு, "நான் பயந்தேன்" என்று எழுதினேன். அவ்வளவு சின்னக் கட்டத்தில் அது பிதுங்கிக்கொண்டு நின்றது. சொன்னதுபோலவே அக்கா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "அண்ணாச்சிக்குப் போன் போட்டியா?" என்றார்.

அடுத்த ஐப்பசி வந்தது. அதுதான் கடைசி. தீபாவளி முடிந்த வாரம். "ரெண்டரை" என்றார் அண்ணாச்சி. பள்ளிக்கு ஃபோன் செய்து, "ரெண்டரைக்கா. இங்க மேகம். பாப்பாவுக்கு லேசா சளி. ஆனா நீங்க கிளம்புங்க" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "நீயும் வா" என்றார். "எனக்கு ரெண்டு கைதான். ஒரு மணி நேரத்துல எத்தனையைப் பிடிப்பேன்?"

பாப்பாவை விட்டு நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை. கணவர் லீவு போட்டார். மருந்து, நேரம், அளவு, சோறு என்று நான்கு பக்கம் எழுதிக்கொடுத்தேன். வாங்கிப் புரட்டிவிட்டு, "இதுல குழந்தை எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார். பாப்பா எனக்கு டாட்டா காட்டிவிட்டு, நான் தெருமுனை திரும்புவதற்குள் அப்பாவின் தோளில் ஏறிவிட்டாள். ரயில் செங்கல்பட்டு தாண்டும்வரை, இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் ஒரு மணிக்குத் தேரியில் நின்றோம். ஈரம் காய்ந்த சிவப்பு மணல், தூரத்தில் பனைகள், நடுவே குட்டையான முந்திரி மரங்கள். செல்போனில் சிக்னல் இல்லை. இரண்டு மணிவரை ஒன்றுமில்லை. மூன்று ஆயிற்று. கணக்கு தப்போ, அண்ணாச்சி பாட்டிலை ஓலைக்குக் கீழே வைத்திருந்து கூரைத்தண்ணீர் விழுந்திருக்குமோ என்று கேட்டேன். "வாயை மூடிட்டு மணலைப் பாரு" என்றார் அக்கா. பார்த்தேன். காலடியில் ஒற்றை றெக்கை ஒன்று, வெங்காயச் சருகின் ஓரம்போல மினுங்கியது. தலையை நிமிர்த்தினால், சற்றுத் தள்ளி ஒரு பெரிய எறும்பு, தன் றெக்கையைத் தானே காலால் நெம்பிக்கொண்டிருந்தது. "அக்கா!" என்று கத்தினேன். அதன்பிறகு என்ன செய்தேன் என்று எனக்குக் கோர்வையாக நினைவில்லை. முழங்காலில் ஓடினேன். புடவை முழுக்கச் செம்மண். நான்கு மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது. குழாய்களில் ஆறு ராணிகள். அவற்றில் நான் பிடித்தவை இரண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் பாப்பாவை நான் நினைக்கவே இல்லை என்பது கடைக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

தாம்பரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்து, "இன்னாக்கா அது, மருந்தா?" என்றார். எறும்பு என்றோம். "எறும்பா! இதுக்கா ஊர்லேர்ந்து வந்துகினு கீறீங்க? என் வூட்டாண்ட வா, கிலோ கணக்குல தரேன்." அக்கா சிரித்த சிரிப்பில் ஆட்டோ குலுங்கியது.

வீட்டில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நோட்டைத் திறந்தேன். கணவர் கையெழுத்து: "மாலை லேசாக வீசிங். மருந்து கொடுத்தேன். தூங்கிவிட்டாள். காரணம்: ஐஸ்கிரீம். வாங்கிக் கொடுத்தது நான்." திட்டுவதா சிரிப்பதா தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

பிடித்தது பாதிதான். ராணி முட்டையிட்டு, தீனியில்லாமல் தன் உடம்பிலிருந்தே ஊட்டி, முதல் எறும்புகளை வளர்த்தெடுக்க வேண்டும். அதுவரை வெளிச்சமும் அதிர்வும் கூடாது. தொந்தரவு செய்தால் பயத்தில் தன் முட்டைகளையே தின்றுவிடுமாம். அக்காவின் அறை தண்டவாளப் பக்கம். மின்சார ரயில் போகும்போதெல்லாம் அலமாரி நடுங்கும். வீட்டிலேயே இருட்டான, அசையாத இடம் என் இரும்பு பீரோதான். பட்டுப்புடவைகளுக்கு நடுவே துண்டில் சுற்றி வைத்தோம். "ஒரு மண்டலம் திறக்கக்கூடாது. விரதம்னு நெனச்சுக்கோ" என்றார் அக்கா.

மகள் மூச்சுவிடுகிறாளா என்று ராத்திரி மூன்று தடவை கை வைத்துப் பார்க்கிறவள் நான். நாற்பத்தெட்டு நாள் ஒரு கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். கார்த்திகை முகூர்த்தத்தில் என் சித்தப்பா மகள் கல்யாணம். சாதாரணக் காட்டன் புடவையில் போய் நின்றேன். "பட்டுக்கு என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா. "எறும்பு குடியிருக்கும்மா." அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இருபதாம் நாளோ என்னவோ, சாவியைத் துளையில் செருகிவிட்டேன். செத்திருந்தால்? இப்போதே தெரிந்துகொண்டால் என்ன? அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சாவியை உருவிக்கொண்டு போய்த் துணி துவைத்தேன்.

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் அக்கா பீரோவைத் திறந்தார். எறும்புகளின் கண்ணுக்குத் தெரியாதபடி சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் என் கையில். முதல் குழாய்: ராணியைச் சுற்றி வெளிறிய பொடி எறும்புகள். இரண்டாவது: ராணி செத்திருந்தது. மூன்றாவதில் ராணி மட்டும், முட்டைகூட இல்லை. நான்காவதில் எறும்புகள். ஐந்தாவதிலும் ராணி மட்டும். டார்ச்சைப் பீரோக் கதவின் பக்கம் திருப்பினேன்.

"நான் கதவை இழுத்திருப்பேனோக்கா? தூக்கத்துல..."

"இழுத்தியா?"

"இல்ல."

"அப்ப இழுக்கல. டார்ச்சை நேரா பிடி."

ஆறாவது குழாயை அக்கா மெதுவாகத் திருப்பினார். பஞ்சின்மேல் ராணி அசையாமல் இருந்தது. அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு பொடி எறும்பு வெளியே வந்து, கண்ணாடியில் ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. கடைசி அத்தியாயத்துக்கு வேண்டிய மூன்றாவது ராணி. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் எண்ணினேன். ஏழு. சரிதானா என்று திரும்பத் திரும்ப எண்ணினேன்.

"மூணு தடவ எண்ணிட்ட" என்றார் அக்கா. "ஏழுதான். மூடு."

மூடினேன். அன்று மறுபடியும் திறந்து பார்க்கவில்லை.